வேர் செத்த மேடு

நிழல்களில் புங்க மரத்து நிழல்தான் குளிர்ச்சி. வேப்ப மரத்தைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டின் கீழும் மண்வெட்டிப் பிடியைத் தலைக்கு வைத்துப் படுத்தவன் நான். புங்கம்தான்.

கரிக்கல் மேட்டுச் சரிவில் நின்றவை பெரும்பாலும் புங்க மரங்கள். உங்களுக்கு முன்னால் வந்துபோன அதிகாரி தன் அறிக்கையில் அவற்றைப் ‘புதர்கள்’ என்று எழுதிவிட்டார். அவர் வந்தபோது அங்கே மரமே இல்லை, அதனால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு தவறும் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நீங்கள் கொடுத்த காகிதமும் நல்ல காகிதம், மை ஊறவில்லை.

என் பெயர் வேதாச்சலம். வயது ஐம்பத்திரண்டு. புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகிற வழியில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர் ஈச்சங்குப்பம். நிலம் இருக்கிறது. இளம் வயதில் மண் வேலை மேஸ்திரியாக இருந்தேன். ஊருக்கு வடக்கே இருக்கிற கரிக்கல் மேட்டின் சரிவு முழுக்க என் பட்டா. மேட்டின் அடிவாரத்தில் இருந்த பதினோரு குடிசைகள்தான் சென்ற நவம்பர் மழையில் மண்ணுக்குள் போனவை. பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் எட்டு வயதுக்குக் கீழே.

அறிக்கை என்ன சொல்கிறது என்றால், அங்கே குடியிருந்த கங்கையா என்பவனின் ஆடுகள் சரிவில் இருந்த செடிகொடிகளை மேய்ந்துவிட்டன, பிடிப்பு இல்லாத மண் கனமழையில் இறங்கிவிட்டது, ஆகவே இது பாதி தெய்வச் செயல், பாதி அவர்களுடைய அறியாமை. இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் படித்தார்கள். கங்கையாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் அந்த மண்ணில் போயின. அவன் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே போனான். மறுநாள் தன் ஆடுகளை எல்லாம் காட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

ஐயா, ஆடு புங்க மரத்தைக் கொல்லாது. கொழுந்தைத் தின்னும், அவ்வளவுதான். புங்க மரத்தை நீங்கள் அடியோடு வெட்டினாலும் மறு மழைக்கு அடிக்கட்டை துளிர்க்கும். அதன் வேர் சாவதற்கு ஆள் வேண்டும், விஷயம் தெரிந்த ஆள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயதில் காட்டுக்குள் ஒரு மலைச்சரிவில் வண்டிப் பாதை போடும் வேலைக்குப் போனேன். பாதைக்கு மேல்பக்கம் இருந்த மரங்களை எல்லாம் வெட்டிக் கரி மூட்டம் போட்டார்கள். அந்த வருஷம் நல்ல மழை. ஒரு கூடை மண்கூட விழவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. நான்காவது மழையில், ஒரு பெரிய மழைகூட இல்லை அது, சரிவு மொத்தமும் இறங்கி இரண்டு கூலியாட்களை மூடியது. மண்ணை வாரும்போது கவனித்தேன். வேர்கள் எல்லாம் மண்ணோடு வந்திருந்தன. கையில் எடுத்தால் நனைந்த அப்பளம் போல விட்டுப்போயின. சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது மரம் இல்லை, வேர். பெரிய வேர் பாறையின் இடுக்குக்குள் போய் ஆணி அடித்த மாதிரி நிற்கும். சின்ன வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கூரைக்குக் கயிறு கட்டியது போல மண்ணைக் கட்டி வைக்கும். மரத்தை வெட்டினாலும் அந்தக் கட்டு உடனே விடாது. கயிறு மக்க வேண்டும். அதற்கு மூன்று வருஷம் பிடிக்கும். வேர் மக்கின இடத்தில் குழாய் போல ஓட்டை மிஞ்சும். அதன் வழியாக மழைத் தண்ணீர் நேராகப் பாறைக்குப் போய்ச் சேரும். அப்புறம் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது, வழுக்கல் மட்டும்தான்.

வெட்டினவனை அன்று யாரும் தேடவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் வெட்டினவனை யார் தேடுவார்கள்.

இனி நாகையாவைப் பற்றி. அவன் குடும்பமும் அவன் தம்பி கங்கையாவின் குடும்பமும் இன்னும் ஒன்பது குடும்பங்களும் மூன்று தலைமுறையாக எங்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள். எங்கள் கொல்லை ஓரத்தில் என் தகப்பனார் காட்டின இடத்தில் குடிசை போட்டிருந்தார்கள். நாகையா நல்ல வேலைக்காரன். அவன் வெட்டின வாய்க்காலுக்குக் கயிறு பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

ஆந்திர ராஜ்யம் பிறந்த மறு வருஷம் சித்தூரிலிருந்து அதிகாரிகள் வந்து, நிலமில்லாதவர்களுக்கு வீட்டுமனை என்று கரிக்கல் மேட்டு அடிவாரத்தை அளந்து பதினோரு பட்டா கொடுத்தார்கள். அது புறம்போக்குதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என் பாட்டன் காலத்திலிருந்து அது எங்கள் வேர்க்கடலைக் களம். நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். எடுபடவில்லை. ஒரே வாரத்தில் குடிசைகளை எங்கள் கொல்லையிலிருந்து பிரித்துக்கொண்டு போய் அங்கே போட்டுக்கொண்டார்கள். அதுவும் பரவாயில்லை. அந்த வாரத்திலிருந்து நாகையா என்னை எஜமான் என்ற முறையில் ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘மேஸ்திரி’ என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் மேஸ்திரிதானே, அதில் தப்பொன்றும் இல்லை. நான் கவனித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐம்பத்தாறு கடைசியில் எல்லைப் பேச்சு வந்தது. தமிழ் ஊர்கள் மனு கொடுத்தால் மெட்ராஸோடு சேர்க்க யோசிப்பார்கள் என்றார்கள். எங்கள் ஊர் மனுவை நான்தான் எழுதினேன். நான்கு பக்கம். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.

“நாமெல்லாம் தமிழ் ஜனம். மெட்ராஸோட சேரணும். வரிசையா வந்து கைநாட்டு வெச்சிட்டுப் போங்க” என்றேன்.

எங்கள் தெரு வைத்தது. அடிவாரத்து ஆட்கள் கதவுப் பக்கம் நின்றிருந்தார்கள், நகரவில்லை. நாகையா ஒரு எட்டு முன்னால் வந்தான்.

“ஒரு சந்தேகம் மேஸ்திரி. எங்க பட்டா இந்த ராஜ்யம் குட்த்தது. ஊரு அந்தாண்ட பூட்டா இது செல்லுமா?”

“செல்லாம எங்கடா போவும்?”

“நீங்க செல்லும்னு சொல்றீங்க. அந்த எடத்த எங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எய்திப் போட்டவரும் நீங்கதான?”

“இது அது இல்ல. இது தமிழுக்காக.”

அவன் சிரித்தான் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் சொன்னான்.

“தமிழு எங்க வாயில கீது மேஸ்திரி. அது எங்கியும் பூடாது. குடிச நிக்கற எடம் காயிதத்துலதான் கீது.”

யாரோ சிரித்தார்கள். சிரித்தது எங்கள் தெரு வரிசையிலிருந்து. எனக்குக் கோபம் வரவில்லை. மைப் பெட்டியை மூடினேன், மனுவை மடித்தேன், அதே வாரம் அனுப்பினேன். அடிவாரத்துக் கைநாட்டு ஒன்றுகூட அதில் இல்லை.

எங்கள் தெருவில் சிலர் குடிசைகளுக்குத் தீ வைக்கலாம் என்றார்கள். நான் தடுத்தேன். இதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தீ வைப்பது காட்டுமிராண்டித்தனம். நான் நினைத்ததெல்லாம் இதுதான்: அந்த ஆட்களுக்கு அந்த இடத்தின்மேல் இருக்கிற பிடிப்பு விட வேண்டும். இடம் ஆகாத இடம் என்று தெரிந்தால் அவர்களே போய்விடுவார்கள். ஊரும் ஒரே பேச்சாக நிற்கும்.

ஐம்பத்தேழு சித்திரையில் சரிவில் இருந்த மரங்களை வெட்டினேன். என் மரம், என் மேடு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெட்டுக் கூலிக்கு நாகையாவையே வரச் சொன்னேன். முதல் கோடரி போட்டவன் அவன்தான்.

“நெழலு பூடுமே மேஸ்திரி. வெய்யில்ல புள்ளைங்க அங்கதான் ஆடும்” என்றான்.

“மாட்டுக் கொட்டாய்க்கு மரம் வேணும்” என்றேன்.

அடிமரங்களை நான் எடுத்துக்கொண்டு கிளைகளை எல்லாம் அடிவாரத்து ஆட்களுக்கே விறகுக்கு விட்டுவிட்டேன். சந்தோஷமாக வாரிக்கொண்டு போனார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் அடுப்பு என் மரத்தில்தான் எரிந்தது.

பிறகு ஒரு தச்சுத் தமரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நான்கைந்து துளை போட்டேன். துளையில் மயில்துத்தத்தை, வேரைக் கொல்லும் அந்த நீல விஷத்தை, நிரப்பிக் களிமண்ணால் அடைத்தேன். நாற்பத்தெட்டு கட்டைகள். இந்த வேலைக்கு ஆள் வைக்கவில்லை. பகலிலேயே செய்தேன், மறைத்துச் செய்கிற வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. நாகையாவின் பெண்சாதி மணியம்மா விறகுக் கட்டோடு போகிறவள் நின்று பார்த்தாள்.

“கட்டைக்கு மருந்து வெக்கிறீங்களா?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.

“சீக்கிரம் துளுக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துத்தத்துக்குத் தப்பின கட்டை ஐந்தாறு துளிர்த்தன. அப்போதுதான் கங்கையாவைக் கூப்பிட்டு, மேட்டில் ஆடு மேய்த்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு முன் அங்கே ஆடு ஏறினால் நான் விரட்டுவது வழக்கம். அவன் கை கூப்பினான். ஆடுகளின் பங்கு இவ்வளவுதான், ஐயா. ஐந்தாறு கட்டை. மீதி நாற்பத்திரண்டுக்கு நான் பொறுப்பு.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான். ஒவ்வொரு தை மாதமும் மேட்டுக்குப் போய் ஒரே கட்டையின் பக்கவேரைத் தோண்டி இழுத்துப் பார்ப்பேன். முதல் தையில் கடப்பாரை போட்டும் அசையவில்லை. இரண்டாவது தையில் மேல்தோல் கழன்று உள்ளே கறையான் ஏறியிருந்தது. இரண்டு கையால் இழுத்தபோது வந்தது. மூன்றாவது தையில் சுட்டுவிரலும் கட்டைவிரலும் போதும்.

நடுவில் ஒன்று நடந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தெட்டில் சித்தூர் கலெக்டர் கச்சேரிக்கு வேறு வேலையாகப் போனபோது எங்கள் மனு என்ன ஆயிற்று என்று ஒரு குமாஸ்தாவிடம் விசாரித்தேன். அவர் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: ஜனக்கணக்கில் எந்த ஊரில் எந்தப் பாஷைக்காரர்கள் எத்தனை பேர் என்று ஏற்கெனவே இருக்கிறதாம், அதை வைத்துத்தான் கோடு போடுகிறார்களாம், கைநாட்டை யாரும் எண்ணவில்லையாம். அதாவது நாகையா வைத்திருந்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். அன்று புத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் குளித்துச் சாப்பிட்டேன். மேட்டு விஷயத்தில் எதையும் மாற்றவில்லை.

அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி கோடு அமலுக்கு வந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. ஈச்சங்குப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊர் சேர வேண்டும் என்பதற்காக நான் தொடங்கின காரியத்துக்கு அன்றோடு காரணம் தீர்ந்துபோயிற்று. நீங்கள் கேட்பீர்கள், அப்போதாவது நிறுத்தியிருக்கக் கூடாதா என்று. நிறுத்த முடியும். வெட்டிவேரும் விராலிச் செடியும் வரிசையாக நட்டு, மேலே மழைத் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். அதுகூட வேண்டாம். அந்த ஜனங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் சித்திரையில் எனக்குக் கடலை அறுவடை இருந்தது. பிறகு மாடு ஒன்றுக்கு உடம்பு சரியில்லை. அப்படியே நாள் போய்விட்டது.

ஐப்பசிக் கடைசியில் முதல் மழை பிடித்தது. ஐந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் மணியம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். பட்டா வாங்கின நாளிலிருந்து அவள் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தூறலில் நின்றாள்.

“ஆண்டே, மேட்டுல வெடிப்பு வுட்டுக்கினு கீது. எங்கூட்டுக்கு மேல பிடிச்சி கெங்கையா ஊடு வரிக்கும் அருவா மாரி வளைஞ்சிக்கினு போவுது. கைய வுட்டா முழங்கை வரிக்கும் உள்ள போவுது.”

“மண்ணு காஞ்சா வெடிக்கும்” என்றேன்.

“மழ பேஞ்சிக்கினு இருக்கச்சொல காயுமா ஆண்டே?”

அவள் கெட்டிக்காரி.

“கதவு சேர மாட்டேங்குது. அடுப்புக்குப் பின்னால செவுரு ஓரமா செகப்புத் தண்ணி ஊறுது. எங்கூட்டுக்காரரு சத்தியவேட்டுல ரோட்டு வேலைக்குப் போய்க்கிறாரு, வர பதினஞ்சி நாளு ஆவும். நீங்க மண்ணு தெரிஞ்சவரு. நீங்க சொல்றத நாங்க கேட்டுக்கறோம். புள்ளைங்கள இட்டுக்கினு எல்லாரும் கொஞ்ச நாளு பள்ளிக்கூடத்தாண்ட போய் இருந்துக்கட்டுமா?”

அருவாள் போல வளைந்த வெடிப்பு, சேராத கதவு, கலங்கின ஊற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்தது என்ன என்று இந்தத் தாலுகாவில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. பெரிய மழை ஒன்று வந்தால் போதும். புயல் சின்னம் இருப்பதாக அன்று காலையில்தான் பேப்பரில் படித்திருந்தேன்.

“தாராளமாப் போய் இருங்க” என்றேன். “ஆனா ஒண்ணு. பட்டா எடத்துல குடி இல்லன்னு யாராவது எழுதிப் போட்டா ரத்தாயிடும். இப்பதான் எல்லை மாறி எல்லா காயிதத்தையும் திருப்பிப் பார்த்துக்கினு இருக்காங்க.”

அவள் முந்தானையை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள்.

“யாரு ஆண்டே எய்திப் போடுவாங்க?”

“யாராவது.”

“அப்ப வெடிப்புக்கு இன்னா பண்றது?”

“களிமண்ணுல வைக்கோல் போட்டுக் குழைச்சி அடைங்க. சரியாயிடும்.”

இது பொய்யான வைத்தியம் இல்லை, ஐயா. வெடிப்பை அடைப்பது சரிதான், அடியில் உயிருள்ள வேர் இருந்தால். அவளிடம் வைக்கோல் இல்லை. என் மாட்டுக் கொட்டாயிலிருந்து இரண்டு கட்டு உருவிக் கொடுத்தேன். “நல்லா இருப்பீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடிவாரத்துக்குக் கிழக்கே, குடிசைகளிலிருந்து அறுபது அடி தள்ளி என் வைக்கோல் போர் இருந்தது. மறுநாள் அதைப் பிரித்து வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன். மழையில் யாரும் போரைப் பிரிக்க மாட்டார்கள். என் மனைவி அலர்மேல்மங்கை நனைந்த வைக்கோலைப் பார்த்துவிட்டு, “இப்ப எதுக்கு?” என்றாள். “ஓதம் ஏறுது” என்றேன்.

புயல் மழையின் மூன்றாம் நாள், காலை பத்தரை பதினொன்று இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் கூலி வேலை கிடையாது, அதனால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து மண் கொட்டுகிற சத்தம் போல, ஆனால் நிற்காமல். பார்த்தபோது கரிக்கல் மேட்டின் தென்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அவ்வளவு பெரிய பாறையை அதற்கு முன் ஊரில் யாரும் பார்த்ததில்லை, அது எப்போதும் மண்ணுக்குள் இருந்தது. மழை அதைக் கழுவிக்கொண்டிருந்தது.

முதலில் ஓடிப்போனவன் நான்தான். மண் வேலை தெரிந்தவன் என்பதால் எங்கே தோண்டலாம், எங்கே தோண்டினால் மேல் மண் இறங்கும் என்று நான்தான் ஆட்களுக்குச் சொன்னேன். ஓடித் தப்பினவர்கள் போக, ஐந்து பேரை உயிரோடு எடுத்தோம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மணியம்மாவை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. வீட்டுக்குள் இல்லை அவள். வெடிப்பை அடைக்க மேலே போயிருந்தாள் போல. கை முழுக்கக் குழைத்த களிமண்.

நாகையாவுக்குச் சேதி போய்ச் சேர்ந்து அவன் வந்தபோது எல்லோரையும் புதைத்தாயிற்று. எட்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. வாசற்படிக்கு வெளியே குந்தினான்.

“ஆண்டே, மிச்சம் இருக்கறவங்களுக்கு எங்கியாவது ஒரு மூல காட்டுங்க. அந்தப் பக்கம் கால் வெக்க முடியல.”

எங்கள் கொல்லை ஓரத்தில் பழைய இடத்தையே காட்டினேன். மூங்கிலும் ஓலையும் நானே கொடுத்தேன்.

“நீங்கதான் தெய்வம்” என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மணியம்மா வெடிப்ப பத்தி உங்களாண்ட வந்து கேட்டுதாமே. நீங்க போய் இருங்கன்னுதான் சொன்னீங்களாம். பட்டா பூடும்னு அதுதான் பிடிவாதமா இருந்திச்சின்னு கெங்கையா சொன்னான்.”

“ஆமாம்” என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, யோசித்துப் பாருங்கள்.

அவன் போன பிறகு அலர்மேல்மங்கை உள்ளேயிருந்து வந்தாள். முப்பது வருஷத்தில் என்னை நேராகப் பார்த்துப் பேசாதவள்.

“அந்தப் பொம்பள வந்து கேட்டப்ப நான் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்” என்றாள்.

“அதுக்கு?”

“மறுநாளு நீங்க போரப் பிரிச்சீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புத்தூரில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போனாள். இதுவரை வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவளால் நான் பிடிபடவில்லை. யாராலும் நான் பிடிபடவில்லை. நீங்கள் இந்த ஊருக்கு வந்ததே கங்கையாவின் கைநாட்டைச் சரிபார்க்கத்தான்.

பிறகு ஏன் எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். அறிக்கையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நாகையா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். ‘ஆடுகள்’ என்று வந்ததும் அவன் திரும்பித் தன் தம்பியைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. மூன்றரை வருஷம் நான் செய்த வேலை அது. ஒவ்வொரு கட்டையாகத் தமர் போட்டு, ஒவ்வொரு தையிலும் வேரை இழுத்துப் பார்த்து, மழையை எண்ணிச் செய்த வேலை. அதை அவன் பத்துப் பன்னிரண்டு ஆடுகளின் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறான். தினமும் என் கொல்லைக்கு வேலைக்கு வருகிறான், தினமும் என்னைக் கும்பிடுகிறான், ஒன்றும் தெரியாமல் கும்பிடுகிறான். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே நீங்கள் கேட்கிற முறையிலேயே எழுதிவிடுகிறேன். ஈச்சங்குப்பம் வேதாச்சலமாகிய நான், கரிக்கல் மேட்டுச் சரிவில் இருந்த மரங்களை வெட்டி, அவற்றின் வேர்களை விஷம் வைத்துச் சாகடித்தேன். அந்தச் சரிவு சுமார் எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும். அடியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். தப்பித்துப் போகட்டுமா என்று வந்து கேட்டவளைப் போகவிடாமல் செய்தேன். பத்தொன்பது பேரையும் கொன்றது நான். ஆடுகளுக்கு இதில் சம்பந்தமில்லை.

இதை நாகையாவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். மெதுவாகப் படியுங்கள், அவனுக்கு எழுத்துத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. அவன்மேல் எனக்குப் பகை இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது உண்மை இல்லை. அன்று தூறலில் மணியம்மாவுக்குப் பதிலாக அவன் வந்து என் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பதினோரு குடிசையையும் நானே கூட நின்று பிரித்துக் கொடுத்திருப்பேன்.